எதிர்வீட்டுப் பஞ்சாரம்

2022 ஜனவரி 12, புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மறுநாள் போகி. தெருவிளக்கு வெறும் மஞ்சள் புள்ளியாகத் தெரியும் அளவுக்குப் பனி. கூடத்து வெப்பமானியில் இருபத்தொன்று. திருச்சி விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் கார் பாபநாசம் சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பி, எங்கள் வீட்டு வாசலில் நிற்காமல், நேர் எதிர் வீட்டு வாசலில் போய் நின்றது. அப்படித்தான் நிற்கச் சொல்லியிருந்தேன்.

மகள் இறங்கினாள். தோளில் பேத்தி. சிங்கப்பூரில் பிறந்து ஒரு வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிரசவத்துக்குப் போக என் மனைவி எடுத்த டிக்கெட் ரத்தாகி, அடுத்து எடுத்ததும் ரத்தாகி, கடைசியில் பிள்ளை செல்பேசித் திரையிலேயே கவிழ்ந்து, தவழ்ந்து, எழுந்து நின்றுவிட்டது. மருமகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மகளுக்கு மட்டும் பதினாறு நாள்.

என் மனைவி ஆரத்தித் தட்டோடு எங்கள் கேட்டுக்கு உள்ளே நின்றாள். இரண்டு கேட்டுகளுக்கும் இடையே முப்பத்தாறு அடி. முதல் நாளே நாடா வைத்து அளந்திருந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து தட்டை மூன்று சுற்றுச் சுற்றினாள். நடுத்தெருவில் கொண்டுபோய்ச் சிவப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். பேத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. செல்பேசியில் பார்த்த முகம் இவ்வளவு பெரிதாக, கால்களோடு, நடமாடுகிறதே என்று அதற்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"முப்பத்தொரு வருசமா ஊரு கோழியையெல்லாம் கவுத்தீங்க. இப்ப என் பொண்ணையும் பேத்தியையும் கவுத்துட்டீங்க" என்றாள் மனைவி.

அவள் சொன்னதற்குக் காரணம் என் வேலை. நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் அரசுச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்க வைத்தார்கள். மாடு, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் ஊசி போட்டிருந்தாலும் ஊரில் எனக்கு நிலைத்த பெயர் கோழி டாக்டர். ஒவ்வொரு ஊரிலும் நான் பெண்களிடம் ஒரே பாடத்தைத்தான் சொல்வேன்: சந்தையில் வாங்கிய கோழியை வந்தவுடன் வீட்டுக் கோழிகளோடு விடாதீர்கள், தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள், பத்து நாள் பார்த்துவிட்டுச் சேருங்கள். பஞ்சாரம் என்பது மூங்கில் பிளாச்சில் முடைந்த பெரிய கூடை. கவிழ்த்தால் கோழி உள்ளே. அதற்கு வெளியே எல்லாம் தெரியும், வரத்தான் முடியாது.

எதிர் வீடு குவைத்துப் பணத்தில் கட்டியது. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. அந்த வருடம் அதில் ஏழு வீட்டில் பூட்டு தொங்கியது. ஆள் துபாயில், வீடு இங்கே. எதிர் வீட்டுச் சாவி என் பங்காளியிடம் இருந்தது. என்னைவிட நான்கு வயது இளையவன், மூன்று மா, ஏறத்தாழ ஒரு ஏக்கர் நிலத்தில் விவசாயம், குவைத்தில் இருப்பது அவனுடைய தம்பி. சாவியைக் கேட்டபோது என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"பெத்த பொண்ண எதுத்த வீட்டுல குடி வைக்கிற ஆள இப்பத்தாண்ணே பாக்குறேன்."

"வெளிநாட்டுலேருந்து வந்தா ஏழு நாள் தனியா இருக்கணும்னு கவர்மெண்டே சொல்லுது."

"கவர்மெண்டு வீட்டுலயே இருக்கச் சொல்லுது. நீங்க வீட்ட விட்டே வெரட்டுறீங்க. அட, அது இப்ப சளிக்காய்ச்சல் ஆயிடுச்சுண்ணே. வந்தப்ப புலி. இப்ப பூனை. எந்த நோயும் போகப் போகக் கொறஞ்சுதான் ஆவணும்."

அந்த மாதம் டீக்கடையில், பேருந்தில், தொலைக்காட்சியில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். வைரஸ் வயதாகித் தளர்ந்துவிட்டதாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வீட்டு நினைப்புதான் வரும். என் மனைவிக்கு முப்பது வருடமாக இளைப்பு. பனிக்காலத்தில் இரண்டு வேளை மருந்தை வாயில் வைத்து உறிஞ்சினால்தான் படுக்க முடியும். அதற்கு முந்தைய மே மாதம் அவளுடைய தம்பி, அவளைவிட ஆறு வயது இளையவன், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்து போய்ச் சேர்ந்தான். முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை. அது இரண்டாவது அலை. குறைந்துகொண்டே போகிற நோய் என்றால், இரண்டாவது ஏன் முதலாவதைவிடக் கொடுமையாக வந்தது? இந்தக் கேள்வியைப் பங்காளியிடம் கேட்டேன். அவனிடம் அதற்கும் பதில் இருந்தது.

"குடியிருக்கிற வீட்ட யாராச்சும் இடிப்பாங்களாண்ணே? நம்மளக் கொன்னுட்டா அதுக்கு எடம் ஏது? அதுக்கும் அறிவு வந்துடும்ல?"

"அது அடுத்த வீட்டுக்குக் குடிபோனப்புறம் பழைய வீடு இடிஞ்சா அதுக்கென்னடா? நமக்குக் காய்ச்சல்னு தெரியறதுக்குள்ள அது நாலு வீடு மாறிடுது."

"கோழி டாக்டர்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா" என்று சாவியை எடுத்துக் கொடுத்தான்.

கோழிகளை வைத்துத்தான் நான் யோசித்தேன். வேறு எதை வைத்து யோசிக்கத் தெரியும்? கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் வைரஸ் நோய். நான் வேலையில் சேர்ந்த வருடமும் வெயில் ஏறும்போது வந்தது, ஓய்வு பெற்ற வருடமும் வந்தது. முதல் வருடம் ஊசி போடாத வீட்டில் பஞ்சாரம் எப்படிக் காலியானதோ கடைசி வருடமும் அப்படியேதான் காலியானது. முப்பத்தொரு வருடத்தில் அதற்கு அறிவு வரவில்லை. ஊசிக்குள் இருக்கும் கிருமி மட்டும்தான் நோஞ்சான். அதையும் முட்டைக்குள் திரும்பத் திரும்ப வளர்த்து, மனிதர்கள் மெனக்கெட்டு நோஞ்சானாக்குகிறார்கள். மாடுகளுக்கு வந்த வெக்கை நோய் ஒழிந்தது என்றால் அது தானாகத் தளர்ந்து போனதால் இல்லை. நாங்கள் தொழுவம் தொழுவமாகப் போய் ஊசி போட்டதால். இவ்வளவும் தெரிந்த நான் எப்படிக் கதவைத் திறந்து விடுவேன்?

ஆக விதிகள் வகுத்தேன். நடுத்தெருவில் ஒரு ஸ்டூல். இங்கிருந்து சாப்பாடு கேரியரில் போகும். மனைவி ஸ்டூலில் வைத்துவிட்டு வந்த பிறகு மகள் வந்து எடுக்க வேண்டும். திருப்பித் தரும்போதும் அப்படியே. வந்த கேரியரை வெந்நீரில் கழுவ வேண்டும். பேச வேண்டியதைக் கேட்டுக்கு உள்ளே நின்று பேச வேண்டும். எல்லாவற்றையும் யோசித்தேன் என்று நினைத்திருந்தேன். ஒன்றை விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதாவது வந்தால் அதை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு பிடி சர்க்கரை, இரண்டு பழம், குறைந்தபட்சம் நாலு வெற்றிலை போட்டு அனுப்புவார்கள். மகளுக்கு அவள் அம்மா பழக்கியது அது. சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாவுக்குக்கூட அப்படித்தான் செய்கிறாளாம். முதல் நாள் மத்தியானம் திரும்பி வந்த கேரியரின் மேலடுக்கில் ஒரு சாக்லெட் இருந்தது. இரவு இரண்டு பேரீச்சம்பழம். மறுநாள் காலை நானே ஸ்டூலிலிருந்து கேரியரை எடுத்து வந்து திறந்தேன். மேலடுக்கில் ஒரே ஒரு பிஸ்கட். பாதி கடித்தது. கடித்த ஓரம் ஈரமாக இருந்தது.

எதிர்க் கேட்டிலிருந்து மகள் சிரித்தாள். "நான் வைக்கலப்பா. அவதான் வச்சா. நான் வைக்கிறதப் பாத்துட்டே இருந்தா. ஆயாவுக்காம்."

பிஸ்கட்டை நான் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கோழிகளுக்குப் போட்டேன். நாலு கோழியும் ஓடி வந்தன. மனைவி பின்னாலேயே வந்து நின்றாள்.

"எனக்குன்னு குடுத்தது."

"எச்சில். அதுலதான் எல்லாம் இருக்கும்."

"கோழி மட்டும் திங்கலாமா?"

"கோழிக்கு இது வராது."

"அப்ப இந்த ஊருல கோழியாப் பொறந்திருக்கலாம் நான்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. ஒரு கோழி பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் ஓட, மற்ற மூன்றும் துரத்துவதைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். நான் அவளுக்கு விளக்க முயன்றேன். "சரிங்க, சரிங்க" என்று உள்ளே போய்விட்டாள். அவள் இரண்டு முறை சரி சொன்னால் அது சரி இல்லை என்பது நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொங்கலன்று இரண்டு வாசலிலும் இரண்டு பானை வைத்தோம். எங்கள் பானை பொங்கியபோது மனைவி கூவினாள். எதிர் வாசலிலிருந்து மகள் கூவினாள். பேத்திக்கு என்னவென்று புரியாவிட்டாலும் அதுவும் கூவியது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பங்காளி கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு போகிறபோது நின்றான்.

"ரெண்டு பானை, ரெண்டு அடுப்பு. பாகப் பிரிவினை ஆச்சாண்ணே?"

"நீ மொதல்ல ஊசி போட்டுக்க. கோழிக்கு ஊசின்னா மொத ஆளா பஞ்சாரத்தோட வந்து நிப்பே, உனக்குன்னா வர மாட்டேங்கிறே."

"கோழிய வித்தா காசுண்ணே. என்ன வித்தா யாரு வாங்குவா?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அன்று சாயங்காலம் மகளுக்குத் தொண்டை கரகரத்தது. மறுநாள் பேத்திக்கு மூக்கு ஒழுகியது. ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு, ஒரு வண்டி இல்லை. அன்று மத்தியானம் சோறு வடிக்கும்போது என் மனைவி அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அவளுடைய இளைப்பு இருமல் எனக்குத் தெரியும், இது அது இல்லை. நெற்றியில் கை வைத்தேன். சுட்டது.

"எப்படி?" என்றேன். "நான் எல்லாத்தையும் கழுவினேனே?"

அவள் பலகையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு மணிக்குப் படுப்பீங்கள்ல."

"ஆமா."

"மூணரைக்குத்தான எந்திரிப்பீங்க."

நான் அடுப்பை அணைத்தேன்.

"கேட்டுக்கிட்ட போய் நிப்பேன். உள்ள போவலைங்க, சத்தியமா உள்ள போவல. அது கம்பியில ஏறி நின்னுக்கிட்டு வாயில ஊட்டும். தான் ஒரு கடி, எனக்கு ஒரு கடி. கையத் தள்ளிவிடச் சொல்றீங்களா?"

கோபம் வந்தது. அது எங்கே போவதென்று தெரியாமல் நெஞ்சிலேயே நின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்குப் போன் செய்தேன். என் மகள் வயதுப் பெண். திங்கட்கிழமை ஆள் வந்து எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். முடிவு வர மறுநாள் ஆகும் என்றாலும் அவள் போனிலேயே சொன்னாள்: "ரெண்டு ஊசியும் போட்டிருக்காங்கள்ல சார், பயப்படாதீங்க. ஆனா ஆக்ஸிஜன் தொண்ணூத்தி மூணுக்குக் கீழ போனா ஒரு நிமிஷம்கூட வீட்டுல வைக்காதீங்க."

முடிவு வந்தது. மூவருக்கும் இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை.

மனைவி அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டே எழுந்து, ஒரு பையில் இரண்டு புடவை, இளைப்பு மருந்து, தலைவலித் தைலம் எல்லாம் எடுத்து வைத்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"நோய் வந்த கோழிய எங்க வைக்கச் சொல்வீங்க?"

"தனியா."

"நோய் வந்ததெல்லாம் ஒண்ணா ஒரே பஞ்சாரத்துல இருக்கலாம்ல? இனிமே அதுக்கு என்கிட்டேருந்து என்ன வரப்போவுது, எனக்கு அதுகிட்டேருந்து என்ன வரப்போவுது?"

என் பாடத்தில் அதற்கு மறுப்பு இல்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். நடு ஸ்டூலைத் தாண்டும்போது சற்று நின்று மூச்சு வாங்கினாள். எதிர்க் கேட்டு திறந்தது. பேத்தி நடந்து வந்தது. என் மனைவி கீழே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை அவள் மடியில் ஏறி, முகக்கவசத்தைப் பிடித்து இழுத்து, முழு முகத்தையும் தடவிப் பார்த்தது. கவிழ்த்து வைத்தது அவர்களைத்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அப்போது பார்த்தால் தெருவில் இந்தப் பக்கம் நான் ஒருவன் மட்டும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆக்ஸிஜன் அளவு சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மகள் வாசலுக்கு வந்து விரலைக் காட்டுவாள். முதலில் ஒன்பது விரல், பிறகு ஆறு. தொண்ணூற்றாறு. புதன்கிழமை மத்தியானம் ஒன்பதும் ஐந்தும். நாலு மணிக்கு ஒன்பதும் நாலும். ஆறு மணிக்கும் ஒன்பதும் நாலும். ஊசி போட்ட கோழிகள் நோய்க் காலத்தில் இரண்டு நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும், பிறகு தீனி எடுக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவளுடைய தம்பிக்கும் இப்படித்தான் தொண்ணூற்று நாலில் தொடங்கியது என்றும் இன்னொரு குரல் சொன்னது. வாடகைக் கார் ஒன்றை வரவழைத்து வாசலிலேயே நிற்க வைத்துக்கொண்டேன். வைரஸ் தளர்ந்துவிட்டது என்று சொன்ன அத்தனை பேரும் சொன்னது உண்மையாக இருக்கட்டும், நான் படித்ததெல்லாம் பொய்யாகப் போகட்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை மகள் வந்தாள். ஒன்பது விரல். பிறகு ஐந்து. அவள் காலருகே பேத்தியும் நின்று இரண்டு கையையும் உயர்த்திப் பத்து விரலையும் காட்டியது. நான் மகளிடம் "நூறு வேண்டாம், தொண்ணூத்தஞ்சு போதும்னு சொல்லு" என்றேன். உள்ளேயிருந்து என் மனைவி சிரிப்பது கேட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பாகியது.

அந்த நாட்களில் சமைத்தது நான். ரசம், சோறு, அப்பளம். மூன்றாவது நாளும் ரசம், சோறு, அப்பளம். எதிர் வாசலில் கேரியரைத் திறந்து பார்த்த என் மனைவி தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்: "இது ரசமா, வெந்நீரா? கோழிக்குக் கலக்குற மருந்துகூடக் கொஞ்சம் நிறமா இருக்குமேங்க." அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கேரியர் திரும்பி வந்தது. மேலடுக்கைத் திறந்தேன். பாதி கடித்த பிஸ்கட். எதிர்க் கேட்டுக் கம்பியில் ஏறி நின்று பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை அது எனக்கு. கொல்லைப் பக்கம் போனதும் கோழிகள் சத்தம் கேட்டு ஓடி வந்தன. நான் அவற்றுக்குப் போடவில்லை, தின்னவும் இல்லை. அலமாரியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதற்குள் வைத்தேன். எறும்பு வந்து எடுத்துப் போகும் வரை அங்கேயே இருந்தது.

இருபத்து நாலாம் தேதி, எல்லோருக்கும் நாள் கணக்கு முடிந்து, டாக்டர் சரி சொன்ன பிறகு நானும் தெருவைக் கடந்தேன். எனக்குக் கிடைத்தது மூன்று நாள். முதல் நாள் பேத்தி என்னிடம் வரவில்லை. இரண்டாம் நாள் என் கண்ணாடியைக் கழற்றியது. மூன்றாம் நாள் தோளில் தூங்கியது.

அதற்குள் பங்காளியைத் தஞ்சாவூருக்குக் கொண்டு போயிருந்தார்கள். அவனுக்கு யாரிடமிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அறுப்புக்காலம், ஊரே களத்தில் இருந்தது. ஒன்பது நாள் ஆக்ஸிஜன். ஊசி போட்டுக்கொள்ளாதவன். திரும்பி வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை. பார்க்கப் போனேன். அவனே ஆரம்பித்தான்.

"பூனைன்னேன்ல. பூனையே இந்தப் பிறாண்டு பிறாண்டுதுண்ணே."

டாக்டரிடம் கேட்டேன், குறைந்துதான் போயிற்றா என்று. அவள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "போன வருசத்துக்கு இது கொஞ்சம் சாதுதான் சார். ஆனா சாதுவாத்தான் ஆகணும்னு அதுக்குக் கட்டாயம் ஒண்ணும் இல்ல. அடுத்தது எப்படியும் வரலாம். மாறினதுல பாதி அது, பாதி ஊசி போட்டுக்கிட்ட நாம." மூன்று மாதம் கழித்துப் பங்காளியை நானே அழைத்துப் போய் ஊசி போட வைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தான்.

மகள் கிளம்பிய சாயங்காலம் பேத்தி கேரியரின் மேலடுக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது. வாங்கப் போனால் அழுதது. "விடுங்க, வெறும் பாத்திரமாவா போவுது" என்று மனைவி அதற்குள் நாலு அதிரசத்தை வைத்தாள். கார் தெருமுனை திரும்பும்வரை அந்த எவர்சில்வர் மின்னிக்கொண்டிருந்தது. அது இப்போது சிங்கப்பூரில் பதினான்காவது மாடியில் இருக்கிறது. பிள்ளை அதில்தான் பிஸ்கட் தின்கிறதாம், பாதியை வைத்துவிட்டு.

எதிர்வீட்டு வாடகையைப் பங்காளி வாங்க மறுத்துவிட்டான். கார் செலவை மகள் கொடுத்துவிட்டாள். ஊசிக்கும் பரிசோதனைக்கும் யாரும் காசு கேட்கவில்லை. மீதி இருந்தது மேலடுக்கு இல்லாத கேரியர். கும்பகோணத்தில் மூன்று பாத்திரக்கடை ஏறி இறங்கினேன். தனி அடுக்கு தர மாட்டார்களாம், முழு கேரியராகத்தான் வாங்க வேண்டுமாம். வாங்கினேன். எழுநூற்று எண்பது ரூபாய்.